பதின்மூன்று நாளும் ஒரு துருப்பிடித்த சைக்கிளும்

நேற்று சம்பளம் வந்துவிட்டது. டிராயரில் இருந்த காகிதப் பொட்டலங்களையெல்லாம் பிரித்துக் கொட்டி எண்ணினேன். மிச்சம் முக்காலே அரைக்கால் நாள்.

இங்கே நாள் என்றால் பணம். சம்பளத்துக்கு இன்னும் பதின்மூன்று நாள் இருக்கும்போது கையில் இருந்ததைப் பதின்மூன்றாகப் பிரித்தேன். அதில் ஒரு பங்குக்குத்தான் ஒரு நாள் என்று பெயர். அதன் பிறகு எதன் விலையைக் கேட்டாலும் மனசுக்குள் அது நாளாக மாறிவிட்டது: இது கால் நாள், அது ஒன்றரை நாள் என்று. இந்தப் பதிவிலும் அப்படியே எழுதுகிறேன். உங்கள் கையிருப்பு வேறாக இருந்தாலும் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கும்.

மாதக் கடைசியைத் தாண்டுவது எனக்குப் புதிதல்ல. வழக்கமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டுவேன். இந்த முறை கொஞ்சம் சிரித்துக்கொண்டும் தாண்டினேன். நடுவில் அக்காவின் பழைய சைக்கிள் ஒன்று ஓட ஆரம்பித்தது. எதனால் எது நடந்தது என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை, அதனால் தேதி வரிசையிலேயே எழுதிவிடுகிறேன்.

17, செவ்வாய் இரவு

வாடகை, கரண்ட் பில், கடன் தவணை எல்லாம் ஏற்கெனவே போய்விட்டன. மீதியைப் பதின்மூன்றால் வகுத்தேன். பழைய மாதக் காலண்டர் தாள்களை 20 செ.மீ.க்கு 15 செ.மீ. அளவில் வெட்டி, நடுவில் மடித்து, இரண்டு பக்கம் ஸ்டேப்ளர் பின் அடித்துப் பொட்டலங்களாக்கினேன். மேலே மார்க்கரில் தேதி. பெரிய நோட்டைச் சில்லறையாக்க மறுநாள் இரண்டு கடை ஏற வேண்டியிருந்தது. மொத்தம் நாற்பது நிமிட வேலை. முடித்துவிட்டு வரிசையாக அடுக்கிப் பார்த்தபோது ஏதோ பெரிய சேமிப்பே செய்துவிட்ட மாதிரி ஒரு மிதப்பு.

இதில் மூன்று தப்பு இருந்தது. மூன்றும் மூன்றே நாளில் வெளியே வந்தன. ஒன்று, எதிர்பாராத செலவுக்கு ஒரு பொட்டலம்கூட இல்லை. இரண்டு, சந்தோஷத்துக்கும் இல்லை. மூன்று, கடைசி மூன்று நாள் பங்கைப் பணமாக எடுக்காமல் ‘அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்’ என்று வங்கிக் கணக்கிலேயே விட்டுவைத்தேன்.

19, வியாழன்

மூக்குக்கண்ணாடியின் வலது காது ஒடிந்தது. கடையில் கொடுத்திருந்தால் கால் நாளில் முடிந்திருக்கும். கால் நாளையும் மிச்சம் பிடிக்கலாம் என்று வீட்டில் இருந்த சூப்பர் குளூவை எடுத்தேன். காது ஒட்டியது. ஆனால் பசை உலர்வதற்குள் கண்ணாடியை அதன் பெட்டியில் வைத்து மூடிவிட்டேன். காலையில் திறந்தால் லென்ஸ் முழுக்க வெள்ளையாகப் பனி படர்ந்த மாதிரி ஒரு படலம். அந்தப் பசையிலிருந்து வரும் ஆவி மூடிய இடத்தில் இப்படித்தான் படியுமாம். துடைத்தேன், சோப்புப் போட்டுக் கழுவினேன், போகவில்லை. புது லென்ஸ், புதுக் காது, ஒன்றரை நாள்.

20, வெள்ளி இரவு

இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. மூன்று நாளாகக் கையை இறுக்கிக்கொண்டு இருந்தேன். இரவு பத்தரை மணி. செல்பேசியைத் தள்ளிக்கொண்டே இருந்தபோது தட்டினால் நிறம் மாறும் ஒரு குட்டி விளக்கு வந்தது. கணக்கில்தான் மூன்று நாள் பணம் கிடக்கிறதே. வாங்கிவிட்டேன். முக்கால் நாள்.

அந்தச் சந்தோஷம் எவ்வளவு நேரம் இருந்தது என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். பணம் கட்டியது முதல் ‘ஐயோ’ என்று தோன்றியது வரை நான்கு நிமிடம் இருக்கும்.

21, சனி: மறுகணக்கு

மூன்று நாளில் போனது: தினப்படி மூன்று, கண்ணாடி ஒன்றரை, விளக்கு முக்கால், ஆக ஐந்தேகால் நாள். மிச்சம் ஏழே முக்கால். தாண்ட வேண்டியது பத்து நாள்.

முதல் வேலையாக வங்கியில் இருந்ததையும் பணமாக எடுத்து வந்தேன். இந்த முறை தலைகீழாகப் பிரித்தேன். முதலில் சந்தோஷத்துக்கு ஒரு நாள். அடுத்து ஆபத்துக்கு முக்கால் நாள். அந்தப் பொட்டலத்துக்கு மட்டும் நான்கு பக்கமும் பின் அடித்தேன், திறக்க வேண்டுமென்றால் கிழிக்கத்தான் வேண்டும். மீதி ஆறு நாளைப் பத்தாகப் பங்கிட்டேன். அதாவது முன்பு ஒரு நாளுக்கு வைத்ததில் ஐந்தில் மூன்று பங்குதான் இனி தினமும். பஸ்ஸுக்கு மட்டும் தினம் அரைக்கால் நாள் போய்க்கொண்டிருந்தது. மிச்சத்தில் மற்றதெல்லாம் நடக்க வேண்டும்.

அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். “வயித்துக்குக் குறைச்சுட்டு விளையாட்டுக்கு எடுத்து வைக்கிறியே, இது என்ன கணக்குடி?” என்றாள். நியாயமான கேள்விதான். விளக்கைக் காட்டினேன். எடுத்து வைக்காவிட்டாலும் அது போகத்தான் போகிறது அம்மா, எடுத்து வைத்தால் எங்கே போகிறது என்றாவது தெரியும் என்றேன். அரைமனதோடு தலையாட்டினாள்.

அன்று ராத்திரி ‘காசில்லாச் சந்தோஷங்கள்’ என்று தலைப்புப் போட்டு நோட்டில் பத்து எழுதினேன். நடை, நூலகம், மொட்டை மாடி, பழைய கடிதங்கள் படிப்பது என்று போனது பட்டியல். பத்தில் செய்தது இரண்டுதான். நடை போனேன், இருபது நிமிடத்தில் கடன் தவணையைப் பற்றி யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். மொட்டை மாடியில் பாயை விரித்து ரேடியோ கேட்டது நன்றாக இருந்தது, அதற்கு முழு மதிப்பெண். மற்றதெல்லாம் பட்டியலிலேயே கிடந்தன. சும்மா இருக்கும்போது என் மூளை கணக்குப் போடும். கைக்கு வேலை இருந்தால்தான் வாயை மூடும். இது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

22, ஞாயிறு: சைக்கிள்

வீட்டுக்குப் பின்னால், சாக்கு மூடிக் கிடந்த லேடீஸ் சைக்கிள். அக்கா கல்யாணமாகிப் போனபோது விட்டுவிட்டுப் போனது. ஆறு வருடமாக யாரும் தொடவில்லை. சாக்கை எடுத்ததும் பல்லி ஒன்று ஹேண்டில் குழாய்க்குள் ஓடியது.

காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தேன். முதலில் கழுவினேன், பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதினேன். முன் டியூப் பஞ்சர். பின் டயரின் ஓரம் வெடித்து உள்ளே நூல் தெரிகிறது. பிரேக் கட்டைகள் கல் மாதிரி இறுகிவிட்டன. செயின் முழுக்கத் துரு, ஆனால் மடங்குகிறது. இடது பெடல் ஆடுகிறது. பெல் ஊமை. ஃபிரேம் நேராக இருக்கிறது, சக்கரம் இரண்டும் பெரிய கோணல் இல்லாமல் சுற்றுகின்றன. ஃபிரேமோ ரிம்மோ வளைந்திருந்தால் சாக்கை மறுபடியும் போட்டு மூடியிருப்பேன்.

ஹேண்டிலிலும் ரிம்மிலும் இருந்த துருவுக்கு அலுமினியத் தாள் போதும். ஒரு துண்டைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் பழுப்புக் குழம்பாகத் துரு வந்துவிடும். துணியால் துடைத்தால் அடியில் பளபளப்பு. உப்புத்தாள் போடக் கூடாது, மேல்பூச்சில் கீறல் விழுந்துவிடும். அலுமினியத் தாளும் வெள்ளி மாதிரி மின்னும் குரோம் பூச்சு உள்ள இடத்துக்கு மட்டும்தான். உற்சாகத்தில் பெயின்ட் அடித்த குழாயிலும் தேய்த்து நான்கு விரல் அகலத்துக்கு மங்கலாக்கிவிட்டேன். அந்த இடத்தை இப்போது பார்த்தாலும் எரிச்சலாக இருக்கிறது.

இது மட்டும் இரண்டரை மணி நேரம் ஓடியது. செலவு ஒன்றுமில்லை. அந்த நேரம் முழுவதும் பணம் என்று ஒன்று இருப்பதே ஞாபகத்துக்கு வரவில்லை. நோட்டில் மூன்று கட்டம் போட்டேன்: என்ன செய்தேன், எத்தனை நாள் பணம், எவ்வளவு நேரம் நீடித்தது. விளக்கு: முக்கால் நாள், நான்கு நிமிடம். ஹேண்டில் துடைத்தது: பூஜ்யம், இரண்டரை மணி.

சாயங்காலம் பஞ்சர் ஒட்டும் டப்பா வாங்கினேன், அரைக்கால் நாள். உள்ளே ஒரு குழாய் சொல்யூஷன், ஆறு பேட்ச், ஒரு துண்டு உப்புத்தாள். முன் டியூபைக் காற்றடித்து வாளித் தண்ணீரில் அமுக்கினால் குமிழி வந்த இடம் தெரிந்தது. அங்கே பேனாவால் பெரிய வட்டம் போட்டேன். சின்ன வட்டம் போட்டால் உப்புத்தாள் தேய்க்கும்போது அழிந்துவிடும், பிறகு ஓட்டையை மறுபடியும் தேட வேண்டும். தேய்த்து, சொல்யூஷன் தடவி, உடனே பேட்சை ஒட்டி, மேலே அம்மாவின் இஸ்திரிப் பெட்டியைப் பாரமாக வைத்தேன்.

காலையில் டியூப் தட்டையாகக் கிடந்தது. பேட்ச் ஒரு ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது.

தப்பு அந்த ‘உடனே’வில் இருந்தது. சொல்யூஷனை மெல்லிசாகத் தடவி, பளபளப்புப் போய் விரலில் ஒட்டாத நிலைக்கு வரும்வரை விட வேண்டும். எனக்கு ஐந்து நிமிடம் ஆனது. ஈரமாக இருக்கும்போது ஒட்டினால் ஒட்டின மாதிரி இருக்கும், அவ்வளவுதான். பாரமும் தேவையில்லை, கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தித் தேய்த்தால் போதும். திங்கள் மாலை இப்படி ஒட்டிய பேட்ச் இன்றுவரை நிற்கிறது.

ஒட்டுவதற்கு முன் இன்னொரு வேலை. டியூபை வால்வு இருந்த இடத்தைக் குறி வைத்து டயரோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தால், ஓட்டைக்கு நேரே டயரில் என்ன இருக்கிறது என்று தெரியும். எனக்கு ஒரு முள்ளின் நுனி கிடைத்தது. அதை எடுக்காமல் மாட்டியிருந்தால் அதே இடத்தில் மறுபடியும் பஞ்சர்.

23, திங்கள்: தப்பான டயர்

பின் டயர் வாங்கப் போனேன். “இருபத்தாறு இஞ்ச்” என்று கேட்டேன், இருபத்தாறு இஞ்ச் கொடுத்தார்கள். முக்கால் நாள். சந்தோஷப் பொட்டலத்தில் பெரும்பகுதி அதிலேயே போய்விட்டது.

வீட்டில் வந்து மாட்டப் பார்த்தால் ஏறவில்லை. ஒரு பக்கம் உள்ளே தள்ளினால் மறுபக்கம் அரை விரல் வெளியே நிற்கிறது. புது டயர் அப்படித்தான் இறுக்கமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு இரண்டு கரண்டிக் காம்பை வைத்து நெம்பினேன். ஒரு மணி நேரம். ஒரு கரண்டி வளைந்தது. நடுவே ‘புஸ்’ என்று சத்தம். கரண்டிக்கும் ரிம்முக்கும் நடுவில் நசுங்கிப் பின் டியூபில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை.

கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்து பழைய டயரையும் புது டயரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பழையதின் ஓரத்தில் 26 × 1⅜ என்று இருந்தது. புதியதில் 26 × 1.75. இரண்டிலும் 26 இருக்கிறது, ஆனால் இரண்டும் வேறு வேறு ரிம்முக்கானவை. முன்னே இருக்கும் 26 வெறும் அழைக்கும் பெயர். உண்மையான அளவு அதே ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும். பழையதில் 37-590, புதியதில் 47-559. முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது அது ரிம்மில் உட்காரும் வட்டத்தின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். 590-க்கும் 559-க்கும் 31 மி.மீ. வித்தியாசம். எந்தக் கரண்டியாலும் அதை நெம்ப முடியாது.

பின்னத்தில் எழுதியிருந்தால் ஒன்று, புள்ளி வைத்து எழுதியிருந்தால் வேறொன்று என்று ஞாபகம் வைத்துக்கொண்டேன். அதைவிடப் பத்திரம், பழைய டயரையே கையில் தூக்கிக்கொண்டு போவது. செவ்வாய் அப்படித்தான் போனேன். புதியதை ரோட்டில் உருட்டாததால் கடைக்காரர் மாற்றிக் கொடுத்தார். விலையும் அதேதான். கரண்டிக் கீறலைப் பார்த்துவிட்டு, “கையாலேயே ஏறும்மா, காற்றடிக்கும் வால்வுப் பக்கத்தைக் கடைசியாக விடு” என்றார். பழைய இறுகிய டயர் சிலவற்றுக்கு நெம்புகோல் தேவைப்படும்தான், ஆனால் அன்று அவர் சொன்னபடி ஏறியது. கரண்டி வளைந்தபடியே இருக்கிறது, அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

24, செவ்வாய் இரவு: மாட்டியது

டியூபில் இரண்டு ஓட்டையையும் ஒட்டி, மேலே முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவினேன். டயரோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்கும். டியூபை உள்ளே வைப்பதற்கு முன் அதற்கு வடிவம் வரும் அளவுக்கு மட்டும் கொஞ்சம் காற்று. இப்படிச் செய்தால் முறுக்கிக்கொள்ளாது.

இடது பெடலை இறுக்கலாம் என்று பக்கத்து வீட்டு அண்ணனிடம் 15 மி.மீ. ஸ்பேனர் வாங்கி வந்தேன். வலப்பக்கமாகத் திருப்பினேன். ஆட்டம் அதிகமானது. இன்னும் அழுத்தித் திருப்பினேன். இன்னும் அதிகம். ஸ்பேனரைத் திரும்பக் கேட்க வந்த அண்ணன் நின்று பார்த்துவிட்டுச் சிரித்தார். “இடது பெடலுக்கு மரை தலைகீழ்மா. நீ இவ்வளவு நேரமா கழட்டிக்கிட்டு இருக்கே.” இடப்பக்கமாகத் திருப்பினேன், இரண்டே சுற்றில் கல் மாதிரி நின்றது. மரை கொஞ்சம் பழுதாகி இருக்கலாம், சொட்டு எண்ணெய் விட்டுத்தான் ஏற்றினேன்.

செயினுக்குப் பழைய பல் தேய்க்கும் பிரஷ், சோப்புத் தண்ணீர், துணி. நன்றாகக் காய்ந்த பிறகு அம்மாவின் தையல் மிஷின் எண்ணெயை ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு. நூற்றுச் சொச்சம் சொட்டு. அவசரமாக ஊற்றினால் சீக்கிரம் முடியும், ஆனால் மிச்சமெல்லாம் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சொட்டுச் சொட்டாக விட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, பத்து நிமிடம் கழித்து வெளியே இருப்பதை எல்லாம் துடைத்துவிட்டேன். அம்மா ரேடியோ போட்டிருந்தாள். அந்த அரைமணி நேரம் அந்த வாரத்திலேயே நல்ல அரைமணி நேரம் என்று நோட்டில் எழுதியிருக்கிறேன்.

செயின் தேய்ந்திருக்கிறதா என்று அளக்கவும் செய்தேன். அரை அங்குலத்துக்கு ஒரு பின் என்ற கணக்கு. ஒரு பின்னின் நடுவைப் பூஜ்யமாக வைத்தால், அதற்கு அடுத்து எண்ணி வரும் இருபத்து நாலாவது பின்னின் நடு சரியாக 12 அங்குலத்தில் வர வேண்டும். தையல் டேப்பில் அளந்தேன், சரியாக வந்தது. சந்தேகம் தீராமல் அண்ணனிடம் இரும்பு டேப் வாங்கி அளந்தால் 12⅛. தையல் டேப் துணி, இழுத்த இழுப்புக்கு வந்திருக்கிறது. ⅛ அங்குலம் நீண்டால் செயின் மாற்றும் கட்டம் வந்துவிட்டது என்று அர்த்தம். இந்த மாதம் முடியாது. ஓடுகிற வரை ஓடட்டும் என்று விட்டேன்.

பின் சக்கரத்தை மாட்டும்போது செயினின் நடுவில் விரலால் தூக்கினால் அரை அங்குலம் ஆட வேண்டும். முதலில் ஆடாத அளவுக்கு இறுக்கிவிட்டேன், பெடல் கனமாகச் சுற்றியது. கொஞ்சம் முன்னே தள்ளிச் சரிசெய்தேன். பிரேக் கட்டை ஒரு ஜோடி, அரைக்கால் நாள்; பின் பிரேக்குக்கு மட்டும் போட்டேன், முன்பக்கக் கட்டையை உப்புத்தாளில் தேய்த்து வைத்தேன். கட்டை ரிம்மைத்தான் தொட வேண்டும், டயரைத் தொட்டால் டயரை அறுத்துவிடும். கட்டையின் பின் ஓரத்தில் ஒரு அட்டைத் துண்டை வைத்து இறுக்கினால் முன் ஓரம் முதலில் தொடும், கீச்சிடாது.

பஞ்சர் டப்பா அரைக்கால், டயர் முக்கால், கட்டை அரைக்கால். ஒரு நாள். சந்தோஷப் பொட்டலம் காலி.

25 முதல் 28 வரை

புதன் காலை ஆபீஸுக்குச் சைக்கிளில் போனேன். சீட்டை, பெடல் கீழே இருக்கும்போது அதில் குதிகாலை வைத்தால் கால் நேராக நிற்கும் உயரத்துக்கு வைத்திருந்தேன். முதல் பத்து நிமிடம் தொடை எரிந்தது. சரிவான ரோட்டில் பெடல் செய்வதை நிறுத்தினால் பின் சக்கரத்தில் ஃப்ரீவீல் ‘டிக் டிக்’ என்று ஓடும். அதைக் கேட்டுக்கொண்டே போவதற்காக, திரும்பி வரும்போது கொஞ்சம் சுற்றுவழி. பஸ் காசு அரைக்கால் நாள் பொட்டலத்திலேயே நின்றது. வியாழனும் அப்படியே.

வெள்ளி சாயங்காலம் பாதி வழியில் பின் டயர் ஒரேயடியாக இறங்கியது. வீடுவரை தள்ளிக்கொண்டு வந்தேன். பிரித்துப் பார்த்தால் நான் ஒட்டிய இடம் இரண்டும் கச்சிதம். கிழிந்தது வால்வின் அடி. வால்வு சாய்ந்து நின்றதை வியாழனே பார்த்திருக்கிறேன், பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். காற்று குறைவாக இருந்தால் டியூபும் டயரும் ரிம்மில் மெல்ல நகரும். வால்வு மட்டும் துளையில் மாட்டிக்கொண்டு நிற்கும். கடைசியில் அதன் அடி கிழியும். பேட்ச் வால்வின் அடியில் நிற்காது, புது டியூப்தான். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு ‘போதும்’ என்று நினைத்ததன் விலை கால் நாள். டயர் ஓரத்திலேயே எவ்வளவு காற்று என்று எழுதியிருக்கிறது, அதையும் படிக்கவில்லை.

ஆபத்துப் பொட்டலத்தைக் கிழித்தேன். சனி பஸ்ஸில் போனேன், திரும்பி வந்து டியூப் மாற்றினேன். இருபது நிமிடம். முதல் தடவை மாட்டியபோது ஆனது இரண்டு மணி நேரம்.

29, ஞாயிறு

விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பி ஒரு மணி நேரம் சுற்றினேன். எங்கேயும் போகவில்லை. வெளிச்சம் வரும்வரை ஓட்டி, வெளிச்சம் வந்ததும் திரும்பினேன்.

வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். சைக்கிளை ஒரு பார்வை, கேரியரை ஒரு பார்வை. “உன் அப்பா காலத்துக்கு அப்புறம் கேரியர்ல உட்காரவே இல்லை” என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, மெத்தை மாதிரி ஒரு துண்டை மடித்துக் கேரியரில் போட்டேன். ஒரு பக்கமாக உட்கார்ந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தோம். திருப்பத்தில் ஆள் நடந்து வந்தபோது பெல்லை அடித்தேன், அது வழக்கம்போல ஊமை; அம்மாவே “வழி, வழி” என்று கத்தினாள். இறங்கிய பிறகு ரொம்ப நேரம் சிரித்துக்கொண்டிருந்தாள். பதினைந்து நிமிடம், பூஜ்யம் நாள். அது நோட்டில் முதல் இடத்தில் இருக்கிறது.

30, திங்கள், பிறகு

கடைசிக் கணக்கு. ஆபத்துப் பொட்டலத்தில் அரை நாள். சைக்கிளில் போன நான்கு நாளில் மிஞ்சிய பஸ் காசு அரை நாள். ஆக ஒரு நாள் இருக்க வேண்டும். இருந்தது முக்காலே அரைக்கால். அரைக்கால் நாள் இடிக்கிறது. மூன்று தடவை எண்ணிவிட்டேன், எங்கே போனது என்று தெரியவில்லை. ஐந்தில் மூன்று பங்கில் தினமும் ஓட்டியதும் சுலபமாக இல்லை. இரண்டு நாள் அடுத்த நாள் பொட்டலத்தைத் தொட்டுவிட்டு மறுநாள் சரிக்கட்டினேன், அந்த இடத்தில்தான் கணக்கு நழுவியிருக்கும்.

அடுத்த மாதம் மாற்றப்போவது: மாதக் கடைசியில் தொடங்காமல் சம்பளம் வந்த அன்றே பிரிப்பது. மளிகை மாதிரி வாரத்துக்கு ஒருமுறை வாங்குவதைத் தினப் பொட்டலத்தில் போடாமல் வாரப் பொட்டலமாக வைப்பது. தினசரியாக உடைத்ததால்தான் கடன் வாங்கிக் கடன் அடைத்த மாதிரி ஆனது. வங்கியில் எதையும் மிச்சம் விடாதது. ஆபத்துக்கு முக்கால் நாள் போதாது, ஒன்றரையாவது வேண்டும். இன்னொருவரிடம் கேட்டு வாங்காமல் சொந்தமாக ஒரு 15 மி.மீ. ஸ்பேனர்.

சந்தோஷப் பொட்டலத்தை நேற்று ராத்திரியே எழுதிவிட்டேன். செயின் முதலில். முன் பிரேக் கட்டை அடுத்தது. காற்றளக்கும் மானி வேண்டுமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அம்மா நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, பென்சிலை வாங்கி, செயினுக்கும் மேலே இருந்த இடத்தில் நெருக்கி ஒரே வார்த்தை எழுதினாள்: பெல்.